மோந்து பார்க்கிற வேலை

அடிபட்ட வண்டிகள் வந்து சேரும் அந்த யார்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்குக்காரர் என்றால்தான் தெரியும். போகிற போக்கில் ரேஷன் கார்டிலும் அப்படியே எழுதிவிடுவார்கள் என்று அவர் மனைவி கேலி செய்வாள். பார்ப்பதற்கு அந்த மூக்கில் விசேஷம் ஒன்றும் கிடையாது. கொஞ்சம் சப்பை, நுனியில் ஒரு பழைய தழும்பு, அவ்வளவுதான். ஆனால் யார்டில் அதற்கு இருந்த மரியாதை முதலாளியம்மாவின் கையெழுத்துக்குக்கூட இருந்ததில்லை.

பேட்டரியில் ஓடும் வண்டிகள்தான் அங்கே வரும். மோதியது, கவிழ்ந்தது, வெள்ளத்தில் மூழ்கியது என்று கார், ஸ்கூட்டர், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி எல்லாம் உண்டு. பெட்ரோல் வண்டி செத்தால் செத்ததுதான். இவை அப்படி இல்லை. மேலே ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே பேட்டரியில் ஒரு செல் நசுங்கியிருக்கும். அது தன்பாட்டுக்குச் சூடாகி, பக்கத்துச் செல்லையும் சூடாக்கி, நாலைந்து நாள் கழித்து எல்லோரும் மறந்துபோன நேரத்தில் பற்றிக்கொள்ளும். தண்ணீர் அடித்தால் அணைந்ததுபோல நடித்துவிட்டு மறுபடி எரியும். அதனால் வருகிற வண்டியை முதலில் கூரை இல்லாத வெட்டவெளியில், ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி நிறுத்திவிட வேண்டும். பிறகு கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு பேட்டரிப் பெட்டியைக் கழற்றி, சந்தேகமானதை மணல் கொட்டிய இரும்புத் தொட்டியில் வைக்க வேண்டும். சந்தேகம் இல்லாதது ஷெட்டுக்குள் போகலாம். எது சந்தேகம், எது இல்லை என்று சொல்கிற இடத்தில்தான் மூக்குக்காரர் இருந்தார்.

நசுங்கிய செல் கசிய ஆரம்பித்தால் ஒரு வாசம் வரும். தித்திப்பான வாசம், நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தால் வருமே, ஏறக்குறைய அது. மற்றவர்களுக்கு அது தெரிவதற்குள் பெட்டி புகைய ஆரம்பித்துவிடும். இவருக்கு வெகு முன்னாலேயே தெரிந்துவிடும்.

அந்த மூக்கு அவருக்குச் சோறு போட ஆரம்பித்ததே ஒரு தற்செயல். லாரி மெக்கானிக்காக இருந்தவருக்கு, கியர் பெட்டி ஒன்றைத் தூக்கப்போய் முதுகு போயிற்று. யார்டில் சுமை இறக்கும் வேலைக்கு வந்த மூன்றாம் வாரமே எழுந்து நிற்க முடியவில்லை. இன்றோடு கணக்கை முடித்து அனுப்பிவிடலாம் என்று முதலாளியம்மா முடிவு செய்திருந்த அதே நாளில், ஷெட்டுக்குள் போகவிருந்த ஒரு ஸ்கூட்டரை இவர் காட்டி, "இது ஒரு மாதிரி வாசம் அடிக்குது, வெளியவே நிக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் அந்த ஸ்கூட்டர் வெட்டவெளியில் ஆள் உயரத்துக்கு எரிந்தது. உள்ளே போயிருந்தால் ஷெட்டும் அதிலிருந்த ஆட்களும் சேர்ந்து எரிந்திருப்பார்கள். முதலாளியம்மா நேராக அவரிடம் வந்து, "நீங்க இனிமே எதையும் தூக்க வேணாம். மோந்து பாத்துச் சொன்னா போதும்" என்றாள்.

இப்படி ஒரு வேலை உலகத்தில் எங்கேயும் கிடையாது, இருக்கவும் கூடாது. இதைச் சொல்வதற்கு ஒரு பெண் வரத்தான் செய்தாள். தீயணைப்புப் பயிற்சி கொடுக்கிறவள். மூக்குக்காரர் குனிந்து முகர்வதைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணா, நீங்க மோந்து பாக்கறது விஷம். உங்க மூக்கு மீட்டர் இல்ல. அது தேஞ்சு போயிடும்" என்றாள். "அந்தப் புகை கொஞ்சம் உள்ள போச்சுன்னாகூட, நல்லாத்தான் இருக்கேன்னு வீட்டுக்குப் போயிடாதீங்க. நேரா ஆஸ்பத்திரி. நெஞ்சுக்குள்ள அது வேலையக் காட்டறதுக்குப் பல மணி நேரம் ஆகும்."

போகும்போது ஒரு வாயு மீட்டரும் கொடுத்துவிட்டுப் போனாள். அது பெயின்டுக்கும் அலறியது, பெட்ரோலுக்கும் அலறியது, யாரோ சென்ட் அடித்துக்கொண்டு வந்ததற்கும் அலறியது. இரண்டு வாரத்தில் அதைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டார்கள். மீட்டர் கெட்டுப்போனால் புதிதாக வாங்க வேண்டும். மனிதனின் மூக்கு அவனோடேயே வந்துவிடுகிறது, அவன் வீட்டில் சாப்பிட்டு வளர்த்தது. எந்த முதலாளிக்குத்தான் அது பிடிக்காது? மூக்குக்காரருக்கும் பிடித்துத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். முதுகு ஒடிந்தவனை எல்லோரும் வழிவிட்டு நிறுத்தி, அவன் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பது சின்ன விஷயமா?

அந்தத் தைரியத்தில்தான் மைத்துனனையும் அங்கே சேர்த்துவிட்டார். மனைவிக்கு ஒரே தம்பி. நல்ல உழைப்பாளி, வாயாடி, எந்த வேலையிலும் நிலைத்து நிற்காதவன். யார்டு என்றதும் மனைவி தயங்கினாள்.

"தீப்புடிக்கற எடம்னு சொல்றாங்களேங்க."

"நான் மோந்து பாத்துச் சொல்லாம அவன் எதையும் தொடமாட்டான். போதுமா?" என்றார் இவர்.

போதும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

மூக்கு போனது அவருக்கே தெரியவில்லை. ஒரேயடியாகப் போயிருந்தால் தெரிந்திருக்கும். சோப்பு வாசம் மங்கியது, சளி என்று நினைத்துக்கொண்டார். அடுப்பில் பால் தீய்ந்தது, அப்போது வேறு நினைப்பில் இருந்தேன் என்றார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் அவர் காலடியில் உட்கார்ந்து விரல் விரலாக நெயில் பாலிஷ் பூசிக்கொண்டிருந்தாள். "நாத்தம் கொடலப் புடுங்குது, வெளிய போய்ப் பூசுடி" என்று சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள். மூக்குக்காரர் பாட்டிலை வாங்கி மூக்கருகே வைத்தார். உள்ளே நன்றாக இழுத்தார். பச்சைத் தண்ணீரை முகர்வதுபோல இருந்தது. மகள் சிரித்துக்கொண்டே, "அப்பா, உங்களுக்கும் பூசி விடட்டா?" என்று கேட்டாள். அவர் பாட்டிலை இன்னொரு தடவை முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதுகும் போய் மூக்கும் போனவனை யார் வைத்துக்கொள்வார்கள்? மகளின் படிப்பு, வாடகை, மாமியாருக்கு மாதாமாதம் மருந்து என்று ஒவ்வொன்றாக யோசித்தார். பயந்தவனுக்குக் காரணமா பஞ்சம்?

யார்டில் எப்போதும்போலக் குனிந்தார், எப்போதும்போலக் கண்ணை மூடினார். வாசம்தான் இல்லை. அதற்குப் பதில் கண்ணை நம்பினார், காதை நம்பினார். பெட்டி உப்பியிருக்கிறதா, உள்ளே ஏதாவது சீறுகிறதா என்று பார்த்தார். எதற்கு வம்பு என்று பத்தில் எட்டைச் சந்தேகத்தில் தள்ளினார். வெட்டவெளியில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போயிற்று. மணல் சுமந்தே ஆட்களுக்குத் தோள் கழன்றது. முதலாளியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"என்ன மாமா, ஊர்ல இருக்கற பேட்டரி எல்லாம் சொல்லி வச்ச மாதிரி கெட்டுப் போச்சா?" என்றான் மைத்துனன்.

குட்டு உடைந்தது அவனிடம்தான். ஒரு மத்தியானம் சாமான் அறையில் பெயின்ட் கரைக்கும் தின்னர் டின் ஒன்று சரிந்து தரை முழுக்க ஓடியிருந்தது. உள்ளே வந்த மைத்துனனுக்கு நெடி மூக்கில் ஏறியது. மூக்குக்காரர் டின்னுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் வாசலிலேயே நின்றான். துணியை எடுத்துத் தரையைத் துடைத்தான், ஜன்னலைத் திறந்தான், கதவைச் சாத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"சுத்தமாத் தெரியலையா மாமா?"

அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாதீங்க. பயந்தே செத்துடுவா." பிறகு அவனே தொடர்ந்தான். "நான் ஒரு வழி சொல்றேன். நட்டு பாக்கற மாதிரி நான் உங்களுக்கு முன்னாடி குனியறேன். வாசம் வந்தா இருமறேன். நீங்க அப்புறமா வந்து மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க. உங்க மரியாதை உங்களுக்கு."

"மாஸ்க் போட்டுக்கிட்டு உனக்கு எப்படிடா வாசம் தெரியும்?"

"கழட்டிட்டுத்தான் குனியணும். ஒரு நிமிஷம்தான மாமா."

வேண்டாம் என்று சொல்ல மூக்குக்காரருக்கு வாய் இருந்தது. மூக்குதான் போயிருந்தது, வாய் போகவில்லை. ஆனாலும் அவர் சொல்லவில்லை. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார் என்பதுதான் இதில் இன்னும் மோசம்.

சில மாதங்கள் இப்படியே ஓடின. மைத்துனன் இருமினால் வெளியே, இருமாவிட்டால் உள்ளே. முகமூடியைக் கழற்றிவிட்டு வண்டிக்கடியில் தலையை விடுகிறான், சொன்னாலும் கேட்பதில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவன் பதிலுக்கு, "என் மூஞ்சிய மறைச்சா வண்டி வருத்தப்படும்ணே" என்று சொல்லிச் சிரிப்பான்.

பிறகு அந்த வெள்ளி நிறக் கார் வந்தது. தரைக்கடியில் இருந்த ஒரு வண்டி நிறுத்தத்தில் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த கார். மூழ்கிய வண்டிதான் இருப்பதிலேயே மோசம். உள்ளே போன தண்ணீர் காய்ந்தாலும் அது விட்டுப்போன உப்பு காயாது, மெல்ல மெல்ல மின்சாரத்துக்குக் குறுக்கே பாதை போட்டுவிடும். இன்னும் பல நாள் அதை வெட்டவெளியிலேயே விட்டிருக்க வேண்டும். இடம் இல்லை, பெட்டியைக் கழற்றுங்கள் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். மூக்குக்காரர் முன்பு பயந்து தள்ளிய வண்டிகள் இன்னும் அங்கேயே நின்றன. இடம் ஏன் இல்லாமல் போயிற்று என்பது அவருக்கும் மைத்துனனுக்கும் மட்டும்தான் தெரியும்.

காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், இருவரும் அதன் அருகே போனார்கள். மற்றவர்கள் கிரேன் பக்கம் இருந்தார்கள். மைத்துனன் முகமூடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக் குனிந்தான். அவன் இருமவில்லை. பொரி வெடிப்பதுபோல இரண்டு மூன்று சின்னச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பெட்டியின் விளிம்பிலிருந்து வெள்ளைப் புகை ஒரே வீச்சில் அவன் முகத்தில் அடித்தது. மூக்குக்காரர் தன் ஒடிந்த முதுகோடு அவன் காலைப் பிடித்து இழுத்தார். எப்படி இழுத்தார் என்று அவருக்கே தெரியாது. புகையைக் காற்று கொண்டுபோயிற்று. பெட்டி எரியவில்லை. பெருமூச்சு விட்டதுபோல அடங்கிவிட்டது. தூரத்தில் இருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மைத்துனன் இருமினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"இந்தத் தடவ நெஜமாவே இருமறேன் மாமா" என்றான், கண்ணீரோடு சிரித்துக்கொண்டு.

பயிற்சிக்கு வந்த பெண் சொன்னது ஒரு எழுத்து விடாமல் அவருக்கு நினைவு வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் வா."

"போனா, ஏன் மாஸ்க்கக் கழட்டினேன்னு கேப்பாங்களே. என்ன சொல்றது?"

மூக்குக்காரர் கிரேன் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவன் அவர் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு அவனே, "விடுங்க, தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்றான். குழாயடியில் போய் முகத்தைக் கழுவினான். மத்தியானம் சாப்பிட்டான். யாரையோ வம்புக்கு இழுத்தான். பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று மூக்குக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு பக்கம் அவன் மூச்சையே எண்ணிக்கொண்டும் இருந்தார். சாயங்காலம் பை எடுக்க நடந்தவன் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உதடு நீலமாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்போ புகைய சுவாசிச்சார்?" என்று கேட்டார்.

"இப்பதான் சார். வேலை முடியற நேரத்துல" என்றார் மூக்குக்காரர்.

"இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகறது ரொம்ப அபூர்வம்" என்று டாக்டர் நர்ஸிடம் ஆச்சரியப்பட்டது, சேதி கேட்டு ஓடி வந்து பக்கத்தில் நின்ற மூக்குக்காரரின் மனைவி காதிலும் விழுந்தது. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவன் மேல் பழியைப் போடுவது சுலபம், அவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. முதலாளியம்மா வீட்டுக்கு வந்து, "எத்தன தடவ சொல்லியும் கேக்கல. மாஸ்க்கக் கழட்டறது அவனுக்குப் பழக்கமாம்" என்று சொல்லி அழுதாள். கூட வேலை செய்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், அவர்கள் கண்ணால் பார்த்ததும் அதுதானே. வேறு ஊரில் இருந்த மாமியார் போனில், "சின்ன வயசுலேந்தே சொன்ன பேச்சு கேக்கமாட்டான். நீங்க என்ன பண்ணுவீங்க மாப்பிள்ள, நீங்க மனச விட்டுடாதீங்க" என்று இவருக்குத் தைரியம் சொன்னாள். அந்த வார்த்தையைக் கேட்டதற்கு அவர் செத்திருக்கலாம்.

மனைவி தம்பியைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அழுகையைவிட அவளுக்கு அது சுலபமாக இருந்தது. பாத்திரம் விளக்கும்போது திட்டினாள், துணி உலர்த்தும்போது திட்டினாள். ஒரு நாள், மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அவன் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கட்டிலில் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துலயே மாமா இருக்காரு, மோந்து பாத்துச் சொல்ல. இவன் எதுக்குக் குனியணும்? திமிரு. ஒடம்பெல்லாம் திமிரு."

"அவன் திமிர்ல குனியல" என்றார் மூக்குக்காரர்.

அவள் கையிலிருந்த சட்டையை மடிப்பதை நிறுத்தவில்லை. "பின்ன எதுக்கு?"

"எனக்கு வாசம் தெரியாது. ரொம்ப நாளாவே தெரியாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சட்டையை வைத்துவிட்டு எழுந்து போய், மகளின் அலமாரியிலிருந்து நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து அவர் மூக்குக்குக் கீழே பிடித்தாள். அவளுக்கே மூக்கு சுருங்கியது.

"தெரியுதா?"

"இல்ல."

"அவனுக்குத் தெரியுமா, உங்களுக்கு இப்படின்னு?"

"தெரியும். எனக்குப் பதிலா அவன்தான் பாத்தான். அதுக்குத்தான் மாஸ்க்கக் கழட்டினான். தெனமும்."

அவள் மூடியைத் திருகினாள். திருகி முடித்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். இவ்வளவு சொன்னதே போதும் என்று மனசு கெஞ்சியது. இந்தக் கதையில் அவர் செய்த ஒரே நல்ல காரியம், மனசின் பேச்சை அன்றைக்குக் கேட்காமல் விட்டதுதான்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார். "டாக்டர்கிட்ட நான் சொன்னது பொய். புகை அடிச்சது சாயங்காலம் இல்ல. காலையில."

அவள் பாட்டிலைக் கட்டிலில் வைத்தாள்.

"காலையிலயா?"

"ஆமா."

"மத்தியானம் நான் போன் பண்ணினேனே. சாப்பிட்டியாடான்னு கேட்டேன். சாப்பிட்டேன்னு சொன்னானே."

"ஆமா. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

தெருவில் யாரோ தண்ணீர் கேனை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அவள் கத்துவாள், அடிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அப்படிச் செய்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். யாருக்கும் கொடுப்பதாக இல்லை போலிருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"யார்டுக்கு நாளைக்குப் போய்ச் சொல்லுங்க. எல்லாரையும் கூட்டி வச்சுச் சொல்லுங்க. ஆனா முதல்ல எங்கம்மாகிட்ட சொல்லுங்க."

"நீ சொல்லேன். அவங்க முன்னாடி எனக்கு வாய் வராது."

"அவன் வாய்தான் போச்சு. உங்களுக்கு இருக்குல்ல" என்றாள். எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கிற போனை அவர் கையில் வைத்தாள். "சாயங்காலம்னு சொல்லாதீங்க. காலையிலன்னு சொல்லுங்க."

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். மாமியாரின் குரல் எப்போதும்போல மரியாதையோடு கேட்டது.

"சொல்லுங்க மாப்பிள்ள. சாப்பிட்டீங்களா?"